ஒரே பாட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்: ‘மாஸ்டர்’ என்றால் என்ன?

2021 பிப்ரவரி கடைசி. அக்கா மகளை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது, அவள் சந்தோஷப்படட்டும் என்று காரில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ‘லவ் ஸ்டோரி’யைப் போட்டேன். முதல் வரி முடிவதற்குள் கையை நீட்டி நிறுத்திவிட்டாள்.

“மாமா, இது பழசு. இதைப் போடக் கூடாது.”

“2008 பாட்டு பாப்பா, பழசாத்தானே இருக்கும்.”

“ஐயோ மாமா, இது அவங்களோடது இல்ல. அவங்களோடதுன்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு, அதைப் போடுங்க.”

போட்டாள். அதே மெட்டு, அதே வரி, அதே குரல். எனக்கு வித்தியாசமே பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்பாட்டிஃபையில் இரண்டு பக்கத்தையும் திறந்து கடைசி வரை இறக்கிப் பார்த்தேன். அடியில், யாரும் படிக்காத பொடி எழுத்தில், வித்தியாசம் இருந்தது. பழையதில் வட்டத்துக்குள் ஒரு ஆங்கில ‘பி’ எழுத்து, 2008, பக்கத்தில் ‘பிக் மெஷின் ரெக்கார்ட்ஸ்’. புதியதில் அதே வட்ட ‘பி’, 2021, பக்கத்தில் ‘டெய்லர் ஸ்விஃப்ட்’.

அந்த வட்ட பி எனக்குப் பழைய சிநேகம். கேசட் காலத்தில் அட்டையை மடிப்புப் பிரித்து ஒரு எழுத்து விடாமல் படிக்கிற ஜாதி நான். வட்டத்துக்குள் சி, வட்டத்துக்குள் பி என்று இரண்டும் சேர்ந்தே இருக்கும். இரண்டும் ஒன்றுதான், அச்சுக்காரர் பழக்கத்தில் போடுகிறார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சி என்பது அட்டைப்படம், அச்செழுத்து போன்றவற்றின் உரிமை. பி என்பது உள்ளே நாடாவில் பதிந்திருக்கும் ஒலியின் உரிமை. மெட்டு யாருக்குச் சொந்தம் என்பதை இந்த இரண்டில் எதுவும் சொல்வதில்லை. அதற்கு ‘பாடல் எழுதியவர்’ என்ற இடத்தைத் தேட வேண்டும். பாட்டுலகச் சண்டைகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

கோல நோட்டும் வாசலும்

பாட்டு என்று நாம் ஒரே சொல்லாகச் சொல்வது சட்டத்தின் கண்ணில் இரண்டு சொத்து.

முதலாவது, பாட்டாக இயற்றப்பட்டது: மெட்டும் வரியும். யாரும் பாடாமல் இருந்தாலும் அது இருக்கிறது. இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு ஸ்டுடியோவில், ஒரு குரல் அதைப் பாடி, வாத்தியக்காரர்கள் வாசித்து, பதிவான ஒலி. அந்த மூலப் பதிவுக்குத்தான் ‘மாஸ்டர்’ என்று பெயர். அதிலிருந்து படியெடுத்துத்தான் இசைத்தட்டு, கேசட், சிடி, இன்று நாம் போனில் கேட்பது எல்லாமே.

அம்மாவின் கோல நோட்டு ஞாபகம் வருகிறது. பதினைந்து புள்ளி, எட்டு வரிசை, இடுக்குப்புள்ளி என்று பென்சிலில் போட்டு வைத்த நோட்டு. நோட்டில் இருப்பது மெட்டு. இன்று காலை வாசலில் போட்ட கோலம் பதிவு. வாசலில் இருப்பதைப் போட்டோ எடுத்து விற்கும் உரிமையை வேறு யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டாலும், நோட்டு அம்மாவிடம் இருக்கிறது. நாளைக்கு இன்னொரு வாசலில் அதே கோலத்தை, அதே கையால், முதல் புள்ளியிலிருந்து போடலாம். டெய்லர் ஸ்விஃப்ட் செய்தது இதைத்தான்.

(ஒரு சின்னத் திருத்தம். நம் செய்திகளில் இதையெல்லாம் ‘காப்புரிமை’ என்று எழுதுகிறார்கள். கண்டுபிடிப்புக்குக் கொடுக்கும் உரிமைக்கும் அதே சொல்லைப் போடுகிறார்கள். குழப்பம் வேண்டாம் என்று நான் ‘பதிப்புரிமை’ என்றே எழுதுகிறேன்.)

இரண்டும் தனித்தனி என்பதற்கு அமெரிக்கப் பாடகர் பாப் டிலனைவிட நல்ல சாட்சி கிடையாது. 2020 டிசம்பரில் ‘டிலன் தன் பாடல்களை யுனிவர்சல் இசை நிறுவனத்துக்கு விற்றார்’ என்று செய்தி வந்தது. 2022 ஜனவரியில் ‘டிலன் தன் பாடல்களை சோனிக்கு விற்றார்’ என்று வந்தது. விற்றதையே மறுபடி எப்படி விற்பார் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். முதலில் விற்றது 600க்கும் மேற்பட்ட பாடல்களின் மெட்டும் வரியும். பிறகு விற்றது அவர் பாடிப் பதிவான மாஸ்டர்கள். மைக்கேல் ஜாக்சன் 1985இல் ‘பீட்டில்ஸை வாங்கிய’ கதையும் இப்படித்தான். 4.75 கோடி டாலர் கொடுத்து அவர் வாங்கியது ஏடிவி என்ற பாடல் பதிப்பு நிறுவனத்தை. அதாவது கோல நோட்டை. பீட்டில்ஸ் குரல் பதிந்த நாடாக்கள் இஎம்ஐ நிறுவனத்திடமே இருந்தன. அவை ஜாக்சன் கைக்கு வந்ததே இல்லை.

பாடியவருக்கு என்ன கிடைக்கும்?

வானொலியில் வைத்துப் பார்த்தால் இது சுருக்கென்று புரியும். அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் மெட்டும் வரியும் எழுதியவர் தரப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும். பாடியவருக்கும், பதிவின் சொந்தக்காரருக்கும் ஒரு பைசா கிடையாது. இன்றைக்கும் அப்படித்தான். அரீத்தா ஃபிராங்க்ளின் 1967இல் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ உலகம் முழுக்க அவர் பாட்டு என்றே பெயர். ஆனால் எழுதியவர் ஓட்டிஸ் ரெட்டிங். 1965இல் தானே பாடி வெளியிட்டும் இருந்தார். அமெரிக்க வானொலிகள் அரீத்தாவின் குரலை எத்தனை லட்சம் முறை ஒலிபரப்பியிருந்தாலும், காசு ரெட்டிங் பக்கம்தான்.

டாலி பார்ட்டன் கதை இதன் மறுபக்கம். ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ அவர் எழுதிப் பாடி 1974இல் வெளிவந்தது. எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். ஆனால் எல்விஸின் மேலாளர் டாம் பார்க்கர், பாட்டின் பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்றார். எல்விஸ் பாடினால் போதும், உரிமை என்ன பெரிய உரிமை என்று வேறு யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பார்ட்டன் மாட்டேன் என்றார். அன்றிரவு முழுக்க அழுததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1992இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடி உலகத்தைப் புரட்டிப் போட்டபோது, எழுதியவருக்கான பங்கு முழுசாக பார்ட்டனிடமே இருந்தது. மாஸ்டர் அவருடையது இல்லை, குரலும் அவருடையது இல்லை, நோட்டு மட்டும் அவருடையது.

இன்றைய ஸ்ட்ரீமிங்கில் நிலைமை தலைகீழ். அங்கே வரும் பணத்தில் பெரிய பங்கு மாஸ்டர் வைத்திருப்பவருக்கு. மெட்டுக்குப் போவது அதைவிடக் குறைவு. லேபிள்கள், அதாவது பாட்டைப் பதிவு செய்து விற்கும் கம்பெனிகள், பழைய நாடாக்களைப் பெட்டகத்தில் வைத்துக் காவல் காப்பது இதனால்தான்.

மாஸ்டர் ஏன் லேபிளிடம் போகிறது?

பதிவுச் செலவு யாருடையதோ பதிவும் அவருடையது. தொழிலின் பழைய வழக்கம் இது. புதிதாக வரும் பாடகரிடம் ஸ்டுடியோ வாடகைக்கும் வாத்தியக்காரர் சம்பளத்துக்கும் பணம் இருக்காது. லேபிள் அட்வான்ஸ் கொடுக்கிறது. அந்த அட்வான்ஸ் பரிசு இல்லை, பாடகரின் ராயல்டியில் கழிக்கப்படும் கடன்.

ஒரு கற்பனைக் கணக்கு. அட்வான்ஸ் 10 லட்சம், பாடகரின் ராயல்டி 15 சதவீதம் என்று வையுங்கள். ஆல்பம் 40 லட்சம் சம்பாதித்தால் பாடகர் பங்கு 6 லட்சம். கையில் கிடைக்குமா? கிடைக்காது. அட்வான்ஸில் கழித்துக்கொண்டு, இன்னும் 4 லட்சம் பாக்கி என்று கணக்கு வரும். லேபிள் பெட்டியில் 34 லட்சம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. இதில் எனக்கு வயிறெரிகிற இடம், பாக்கி தீர்ந்த பிறகும் மாஸ்டர் லேபிளிடமே இருக்கும் என்பது. வட்டியும் முதலும் கட்டி முடித்த பிறகும் நகை பெட்டிக்குள்ளேயே இருக்கும் என்று சொல்கிற அடகுக்கடையை நம் ஊரில் யாராவது சும்மா விடுவார்களா?

லேபிள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பத்துப் பேருக்குக் கொடுத்த அட்வான்ஸில் எட்டுப் பேருடையது திரும்பாது, ஜெயித்த இரண்டு பேரை வைத்துத்தான் அதைச் சரிக்கட்ட முடியும் என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த நஷ்டக் கணக்கை ஜெயித்தவர் காலமெல்லாம் சுமக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. தன் லேபிளான வார்னர் பிரதர்ஸோடு சண்டை போட்ட பாடகர் பிரின்ஸ், 1990களில் கன்னத்தில் ‘அடிமை’ என்று எழுதிக்கொண்டு மேடையேறினார். ஆங்கிலத்தில் மாஸ்டர் என்றால் எஜமான் என்றும் பொருள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அந்த ஒற்றைச் சொல்லின் கசப்பு விளங்கும். மாஸ்டர்கள் அவர் கைக்கு வந்தது 2014இல். 2016இல் இறந்துவிட்டார்.

ஸ்விஃப்ட் விவகாரம்

2005இல், 15 வயதில், டெய்லர் ஸ்விஃப்ட் நாஷ்வில்லில் அப்போதுதான் தொடங்கப்பட்ட பிக் மெஷின் என்ற லேபிளில் சேர்ந்தார். நடத்தியவர் ஸ்காட் போர்செட்டா. 2006 முதல் 2017 வரை ஆறு ஆல்பம். எல்லாப் பாட்டையும் ஸ்விஃப்ட் தானே எழுதினார் அல்லது சேர்ந்து எழுதினார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாமே இதில்தான் தொங்குகிறது. ஒப்பந்தப்படி ஆறின் மாஸ்டரும் லேபிளுக்கு.

2018 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. யுனிவர்சலோடு புது ஒப்பந்தம் போட்டார். இனி பதிவு செய்யும் மாஸ்டர்கள் தனக்கே என்ற நிபந்தனையோடு. பழைய ஆறு ஆல்பமும் பிக் மெஷினில் தங்கிவிட்டன. 2019 ஜூன் 30 அன்று பிக் மெஷினையே ஸ்கூட்டர் பிரான் என்பவரின் நிறுவனம் வாங்கியது. விலை சுமார் 30 கோடி டாலர் என்று செய்தி. பிரான் அப்போது பாடகர் ஜஸ்டின் பீபரின் மேலாளர். ஸ்விஃப்டுக்கும் அவருக்கும் ஆகாது. வீட்டை வாடகைக்கு விட்டவர், நமக்குப் பிடிக்காத பங்காளிக்கு அதை விற்றுவிட்ட மாதிரி. 2020 நவம்பரில் அவர் அந்த மாஸ்டர்களை ஷாம்ராக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாற்றினார்.

சட்டப்படி இதில் பிழை கண்டுபிடிக்க முடியாது. சொத்தின் சொந்தக்காரர் சொத்தை விற்றார். எழுதிப் பாடியவரைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரசிகர்கள் ‘திருட்டு’ என்று எழுதியபோது எனக்கு அது ஒப்பவில்லை. திருட்டு இல்லை, கையெழுத்து. ஆனால் 15 வயதுப் பெண் போட்ட கையெழுத்து.

இனி நோட்டின் பலத்தைப் பாருங்கள். ஒரு பாட்டை சினிமாவிலோ சீரியலிலோ விளம்பரத்திலோ சேர்க்க இரண்டு அனுமதி வேண்டும். பதிவுக்கு மாஸ்டர் சொந்தக்காரரிடம் ஒன்று. மெட்டையும் வரியையும் படத்தோடு சேர்க்க எழுதியவர் தரப்பில் இன்னொன்று. இதை ‘சிங்க்’ உரிமம் என்பார்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நடக்காது. ஸ்விஃப்ட் என்ன செய்தார்? பழைய மாஸ்டர்களுக்கு சிங்க் அனுமதி கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். கோடிக் கணக்கில் கொடுத்து வாங்கிய சொத்தை விளம்பரத்துக்கு வாடகை விட முடியாமல் வாங்கியவர் கையைப் பிசைய வேண்டியதுதான்.

2020 மே மாதம் ‘கில்லிங் ஈவ்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் அவருடைய ஒரு பாட்டு திடீரென்று ஒலித்தது. ஆனால் பாடியது ‘ஜாக் லெபர்ட்ஸ் அண்ட் த டால்ஃபின் கிளப்’ என்று யாரும் கேள்விப்படாத குழு. தயாரிப்பில் நில்ஸ் ஷோபெரி என்ற பெயர். அது ஸ்விஃப்ட் முன்பே ஒருமுறை பயன்படுத்திய புனைபெயர்! மாஸ்டரைத் தொடாமலே பாட்டைத் தொடருக்குள் கொண்டுபோயாயிற்று. இதைப் படித்தபோது நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அந்தப் பாட்டின் பெயர்ப் பட்டியலிலேயே இன்னொரு பாடம் ஒளிந்திருக்கிறது. எழுதியவர்களில் ‘ரைட் செட் ஃப்ரெட்’ குழுவினரின் பெயரும் உண்டு. அவர்களுடைய 1991 பாட்டின் தாளநடை இதன் பல்லவியில் வருகிறது. பழைய பதிவை வெட்டி ஒட்டவில்லை, புதிதாகப் பாடினார்கள். அதனால் மெட்டுக்காரருக்குப் பங்கு; மாஸ்டர்காரரிடம் போகவே வேண்டாம். பதிவையே வெட்டி ஒட்டியிருந்தால் இரண்டு வாசலிலும் நின்றிருக்க வேண்டும்.

மறுபதிவு

அமெரிக்கச் சட்டத்தில், ஒரு பாட்டு ஒருமுறை முறையாகப் பதிவாகி வெளிவந்துவிட்டால், வேறு யாரும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம்; எழுதியவருக்குச் சட்டம் நிர்ணயித்த தொகையைக் கட்டினால் போதும். ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும் பாட்டுக்கு 2023இல் அது விற்கும் பிரதிக்கு 12 சென்ட். இந்த ஏற்பாட்டின் ஆரம்பம் வேடிக்கையானது. நூறு வருஷத்துக்கு முன் தானே வாசிக்கும் பியானோக்கள் வந்தன. துளை போட்ட காகிதச் சுருளை மாட்டினால் பாட்டு வரும். சுருள்காரர்கள் இசையமைப்பாளருக்குக் காசு தரவேண்டாம் என்று 1908இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அடுத்த வருஷமே நாடாளுமன்றம் சட்டம் போட்டு பிரதிக்கு 2 சென்ட் என்றது. அந்த 2 சென்ட் 1978 வரை மாறவே இல்லை. ஒலிப்பதிவு என்ற சொத்துக்கோ அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1972 பிப்ரவரி 15க்கு முன் இடமே கிடையாது.

ஆக, யார் வேண்டுமானாலும் பாடலாம் என்கிறது சட்டம். பாடியவரே மறுபடி பாடுவதைத் தடுப்பது சட்டம் இல்லை, ஒப்பந்தம். இத்தனை வருஷத்துக்கு இந்தப் பாட்டை வேறு எங்கும் பதிவு செய்யமாட்டேன் என்று ஒரு ஷரத்து இருக்கும். ஸ்விஃப்டுக்கு அந்தத் தடை 2020 நவம்பரில் விலக ஆரம்பித்தது. பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாக மறுபடி பாடி வெளியிட்டார்: 2021 ஏப்ரலில் ‘ஃபியர்லெஸ்’, அதே வருஷம் நவம்பரில் ‘ரெட்’, 2023 ஜூலையில் ‘ஸ்பீக் நவ்’, அக்டோபரில் ‘1989’. ஒவ்வொன்றின் பெயரோடும் ‘டெய்லரின் பதிப்பு’ என்ற ஒட்டு. ‘ரெட்’டோடு வந்த 10 நிமிடம் 13 விநாடிப் பாட்டு ஒன்று அமெரிக்காவின் பில்போர்டு வெற்றிப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது, அந்த இடத்தைத் தொட்டவற்றில் அதைவிட நீளமானது இல்லை. ‘அமெரிக்கன் பை’ என்ற பாட்டு 1972 முதல் வைத்திருந்த சாதனை போயிற்று.

இவர்தான் முதல் ஆள் என்று இல்லை. லேபிள் மாறியதும் பழைய வெற்றிப் பாடல்களை மறுபடி பாடுவதை ஃபிராங்க் சினாட்ராவே 1960களில் செய்திருக்கிறார். வழக்கமாக அப்படி வருபவை தேறாது. ரசிகர்களுக்குப் பழகிய பழசுதான் வேண்டியிருக்கும். ஸ்விஃப்ட் ஜெயித்ததற்குக் காரணம் சட்டம் இல்லை, என் அக்கா மகள் மாதிரி லட்சக்கணக்கான பிள்ளைகள் காருக்குள் கை நீட்டிப் பழசை நிறுத்தியது. வேறொரு பாடகர் இதையே செய்தால் இது நடக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

காதுக்கு வருவோம். வித்தியாசம் இல்லை என்று முதலில் நினைத்தேன் அல்லவா? ஹெட்ஃபோனில் மாறி மாறிக் கேட்டால் இருக்கிறது. 2008 குரலில் மூக்கிலிருந்து வரும் ஒரு பதின்வயதுக் கூர்மை உண்டு. 2021 குரல் உருண்டு, மூச்சு நிதானப்பட்டு வருகிறது. பாட்டு என்னவோ பள்ளிக்கூடக் காதலைப் பற்றியது. பாடுவது 31 வயது. எனக்கு ‘ஃபியர்லெஸ்’ புதுசு பிடிக்கும். ‘1989’ பழசுதான் பிடிக்கும், அந்தப் புதுப் பதிவில் கிட்டாரின் கடி குறைந்துவிட்டது. ‘ஸ்பீக் நவ்’வில் இன்னொரு பெண்ணை மட்டம் தட்டும் ஒரு வரியை அவர் மாற்றியே விட்டார். நோட்டு கையில் இருப்பவர் புள்ளியையும் மாற்றலாம். ஆனால் 2010இல் அப்படித்தான் பாடினார் என்பதற்குப் பழைய மாஸ்டர்தான் இப்போது அத்தாட்சி.

லேபிள்கள் சும்மா இருக்குமா? மறுபதிவுத் தடையை 10 வருஷம், 15 வருஷம், 30 வருஷம் என்று நீட்டிக் கேட்க ஆரம்பித்துவிட்டதாக 2023இல் பில்போர்டு பத்திரிகை எழுதியது. ஸ்விஃப்டுக்குத் திறந்த கதவு அடுத்து வரும் 15 வயதுப் பெண்ணுக்கு அத்தனை சுலபமாகத் திறக்காது.

நம் ஊரில்

இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார் என்று செய்தி வரும்போதெல்லாம் டீக்கடை வரை விவாதம் நடக்கிறது. அதில் பாதி, இரண்டு சொத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருவது.

2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் சித்ராவுக்கும் நோட்டீஸ் போனபோது எனக்கும் கோபம் வந்தது. அவர் பாடிய பாட்டை அவர் மேடையில் பாட யாரைக் கேட்க வேண்டும் என்று. ஆனால் மேடையில் யாரும் மாஸ்டரை ஓட்டுவதில்லை. அங்கே பயன்படுவது மெட்டும் வரியும் மட்டும். அதில் பாடகருக்குப் பங்கில்லை, எஸ்.பி.பி.யாகவே இருந்தாலும். இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது என்று அவரே முகநூலில் எழுதினார். அந்தப் பெருந்தன்மையான ஒப்புதலில் இந்திய இசைத்துறையின் அரை நூற்றாண்டு அடங்கியிருக்கிறது. நட்புக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. அனுப்பியிருக்க வேண்டாம் என்றுதான் நான் இன்றும் சொல்வேன்.

2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ விவகாரம் வேறு. அதில் ‘குணா’ படத்துப் பாட்டின் அசல் பதிவே ஒலிக்கிறது. உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் அனுமதி வாங்கிவிட்டோம் என்றது படக்குழு. என்னிடம் வாங்கவில்லை என்றார் இசையமைப்பாளர். கில்லிங் ஈவ் கதையைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அமெரிக்காவில் மெட்டு அநேகமாக எழுதியவர் தரப்பில் இருக்கும். இங்கே அது யாருடையது என்பதுதான் நீதிமன்ற வழக்கே.

காரணம், நம் பாட்டு சினிமாவில் பிறந்தது. தயாரிப்பாளர் சம்பளம் கொடுத்து மெட்டுப் போடச் சொன்னால் முதல் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர், இசைக்கலைஞர்களின் நிலைமையை எண்ணி வருத்தப்பட்டுத் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். தயாரிப்பாளர் ஆடியோ கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பார், அந்தக் கம்பெனி இன்னொன்றுக்கு. பல பழைய பத்திரங்களில் மெட்டும் பதிவும் ஒரே வரியில் போயிருக்கும். இணையம், ரிங்டோன் எல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம் இதில் பெரிய உடைப்பு. மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் உறுப்பினராக இருந்து முட்டி மோதிக் கொண்டுவந்தது. திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற எல்லா வழியிலும் வரும் ராயல்டியில் சம பங்கு இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உண்டு. அதை அவர்களே விரும்பினாலும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. சொத்தை விற்கலாம், அதன் வருமானத்தில் உள்ள பங்கை விற்க முடியாது. பாடகருக்கும் தனியாக ராயல்டி உரிமை வந்தது.

இங்கே ஸ்விஃப்ட் மாதிரி மறுபதிவு செய்ய முடியுமா? முதல் பதிவு வந்த வருஷம் முடிந்து ஐந்து வருஷம் ஆக வேண்டும். வருஷத்துக்கு 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்னதாகக் கட்ட வேண்டும். 1980களில் விதி இதைவிட லேசு. அந்தச் சந்துக்குள் புகுந்துதான் டி-சீரிஸ் பழைய இந்திப் பாடல்களைப் புதுக் குரல்களில் பாடவைத்துக் கேசட் விற்று வளர்ந்தது. அசல் மாஸ்டர் கிராமஃபோன் கம்பெனியிடம், கூட்டம் டி-சீரிஸ் கடையில்.

பாரதியார் பாடல்களுக்கே இந்தக் கதை உண்டு. அவற்றை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை புத்தக உரிமையிலிருந்து பிரிந்து, கைமாறி, ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் ஓமந்தூரார் ஆட்சியில் அதை அவர் பணம் வாங்காமல் அரசுக்குக் கொடுத்துவிட்டார்.

2025 மே 30

அக்கா மகள் இப்போது கல்லூரியில். அன்று சாயங்காலம் அவளிடமிருந்து வரிசையாக ஏழு மெசேஜ், எல்லாம் அழுகை முகம். ஷாம்ராக்கிடமிருந்து ஆறு ஆல்பத்தின் மாஸ்டரையும் ஸ்விஃப்ட் வாங்கிவிட்டார். விலை 36 கோடி டாலர் என்று செய்திகள் சொன்னன. முதல் ஆல்பத்தை ஏற்கெனவே முழுசாக மறுபதிவு செய்தாயிற்று, ‘ரெபுடேஷன்’ மட்டும் கால்வாசிகூடப் பண்ணவில்லை, தனக்கு வரவே இல்லை என்று கடிதம் எழுதியிருந்தார். என் அக்கா மகள் நான்கு வருஷமாகக் காத்திருந்தது அந்த ‘ரெபுடேஷன்’ மறுபதிவுக்குத்தான்.

லீவுக்கு வந்தபோது ஸ்டேஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். “இனிமே எதைப் போட்டாலும் சரியா?” என்று கேட்டேன்.

“எதைப் போட்டாலும் அவங்களோடதுதான் மாமா.”

2008 ‘லவ் ஸ்டோரி’யைப் போட்டேன். இந்தத் தடவை கை நீட்டவில்லை. பாதிப் பாட்டு வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“குரல் எவ்ளோ சின்னதா இருக்கு, இல்ல?” என்றாள்.